பழைய காரின் அசல் ரேடியோவைச் சேதமின்றிக் கழற்றும் முறை

பழைய கார் ஒன்றின் டாஷ்போர்டிலிருந்து அதன் அசல் ரேடியோவை வெளியே எடுக்க, கை பழகியவருக்கு ஒரு மணி நேரமும் பழகாதவருக்கு ஒரு முற்பகலும் போதும். ஆனால் அந்த முற்பகலில் உடைந்துபோகும் ஒரு குமிழுக்கோ, வளைந்துபோகும் ஒரு முகப்புத் தகட்டுக்கோ மாற்றுத் தேடி அலைவதற்கு ஆண்டுகள் ஆகலாம். ஏனெனில் இந்தச் சிறு பொருள்கள் பெரும்பாலும் இப்போது தயாரிக்கப்படுவதில்லை, பழைய காரொன்றைப் பிரித்து விற்பவரிடம் கிடைத்தால்தான் உண்டு. ஆகவே, என்றாவது ஒருநாள் இதே ரேடியோ இதே துளைக்குத் திரும்பி வரும் என்று எண்ணிக் கழற்றுகிறவருக்காகவே இதை எழுதுகிறேன். பழுதுபார்க்க எடுத்தாலும், டாஷ்போர்டுக்கு வண்ணம் பூச எடுத்தாலும், புதிய கருவியொன்றுக்கு இடம்விட எடுத்தாலும் செய்ய வேண்டிய வேலையில் வேறுபாடு இல்லை.

முதன்முதலில் நான் கழற்றிய ரேடியோ முன்பக்க நட்டுகள் இரண்டையும் எடுத்த பிறகும் அசையாமல் இருந்தது. துருப்பிடித்து ஒட்டியிருக்கிறது என்று முடிவு செய்து, கீழிருந்து பிடித்து ஆட்டி இழுத்தேன். பின்பக்கத்தில் அதைத் தாங்கிக்கொண்டிருந்த தகரப் பட்டை ஒன்றும் அதன் ஒற்றைப் போல்ட்டும் என் கண்ணில் படவே இல்லை. பட்டை வளைந்தது, பட்டையோடு ரேடியோவின் பின்மூடியும் வளைந்தது. அதன் பிறகு எந்தக் காரிலும், ரேடியோ வர மறுத்தால் கையைத் தளர்த்திவிட்டு டார்ச்சை எடுப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். எங்கோ ஒரு போல்ட்டோ திருகோ வயரோ இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும். இதுவரை அந்தக் கணக்கு தப்பியதில்லை.

எந்தக் காலத்து ரேடியோ என்று முதலில் அறிக

கழற்றும் முறை ரேடியோவின் வயதைப் பொறுத்து மாறும். அமெரிக்காவில் கால்வின் நிறுவனம் 1930இல் ‘மோட்டோரோலா’ என்ற பெயரில் விற்ற ரேடியோவும், ஜெர்மனியில் பிளாபுங்க்ட் 1932இல் கொண்டுவந்த ரேடியோவும் கார் ரேடியோவின் தொடக்க காலத்தைச் சேர்ந்தவை. அந்தப் பத்தாண்டின் கார்களில் டாஷ்போர்டிலோ ஸ்டியரிங் தண்டிலோ இருப்பது பல நேரங்களில் கட்டுப்பாட்டு முகப்பு மட்டுமே. உண்மையான ரேடியோ, எஞ்சின் அறைக்கும் பயணிகள் அறைக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தகட்டில் ஒரு பெட்டியாகத் தொங்கும். முகப்பையும் பெட்டியையும் வளையக்கூடிய உறைக்குள் ஓடும் கம்பிகள் இணைக்கும். அப்படிப்பட்ட அமைப்பில் முகப்பை எடுக்கும் முன், நிலையமுள் எங்கே நிற்கிறது என்பதையும் பெட்டிப் பக்கத்துக் கம்பி முனை எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளாவிட்டால், மீண்டும் பொருத்தும்போது முள் ஒரு அலைவரிசையைக் காட்டும், ரேடியோ வேறொன்றைப் பாடும்.

1940களிலும் 50களிலும் வந்த, ‘வால்வு’ எனப்படும் வெற்றிடக் குழாய்களால் இயங்கும் வால்வு ரேடியோ டாஷ்போர்டுக்குள்ளேயே ஒரே பெட்டியாக அடங்கியது. வால்வுகளுக்கு 200 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் தேவைப்பட்டதால், பேட்டரியின் 6 அல்லது 12 வோல்ட் நேர்மின்சாரத்தை ‘வைப்ரேட்டர்’ என்ற அதிரும் தொடுமுனை துண்டு துண்டாக வெட்டித் தர, உள்ளிருக்கும் டிரான்ஸ்பார்மர் அதை உயர்த்திக் கொடுத்தது. இந்த ரேடியோவைப் போட்டதும் மெல்லிய ரீங்காரம் கேட்கும். வால்வுகள் சூடேறிய பிறகே பேச்சு வரும். டிரான்ஸ்பார்மரும் இரும்புப் பெட்டியும் சேர்ந்து இதன் எடை பல கிலோ இருக்கும் என்பதையும், அணைத்த பிறகும் இதன் கண்டென்சர்களில் சிறிது நேரம் மின்னேற்றம் தங்கக்கூடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 1955இல் கிரைஸ்லரும் ஃபில்கோவும் வால்வே இல்லாத முழு டிரான்சிஸ்டர் கார் ரேடியோவை அறிவித்தன. பிற நிறுவனங்கள் அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் 12 வோல்ட்டிலேயே இயங்கும் வால்வுகளையும் ஒரு டிரான்சிஸ்டரையும் கலந்து தயாரித்தன. 1960களில் வால்வு அடியோடு போய்விட்டது. டிரான்சிஸ்டர் ரேடியோ இலகுவானது, ஆனால் அதன் பின்புறமோ பக்கவாட்டிலோ வெப்பத்தை வெளியேற்றும் கூரான உலோகச் சிறகுகள் இருக்கும். பார்க்காமல் கையை நுழைப்பவரின் விரலை அவை கிழித்துவிடும்.

மேற்சொன்னவற்றுள் பெரும்பாலானவை இரண்டு தண்டு ரேடியோக்கள். அதாவது, முகப்பில் இடத்திலொன்றும் வலத்திலொன்றுமாக நீட்டிக்கொண்டிருக்கும் இரு தண்டுகள் டாஷ்போர்டுத் துளைகளின் வழியே வெளியே வந்து, அங்கே நட்டுகளால் இறுக்கப்பட்டு, அவற்றின் மேல் குமிழ்கள் செருகப்பட்டிருக்கும். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி இவற்றைப் பற்றியதே. 1980களில் பரவலான, சுமார் 180க்கு 50 மில்லிமீட்டர் அளவுள்ள செவ்வகத் துளையில் நுழையும் ‘டின்’ அளவு ரேடியோவைப் பற்றிப் பின்னால் ஒரு பத்தி உண்டு.

கருவிகளும் முன்னேற்பாடுகளும்

கருவிகள் குறைவே. தண்டு நட்டுகளுக்கு ஆழமான சாக்கெட்டோ குழாய் வடிவ பாக்ஸ் ஸ்பேனரோ வேண்டும். தண்டு நீண்டிருப்பதால் சாதாரண சாக்கெட் நட்டைத் தொடவே தொடாது. காரின் நாட்டைப் பொறுத்து நட்டு அங்குல அளவிலோ மில்லிமீட்டர் அளவிலோ இருக்கும். ஏறக்குறையப் பொருந்தும் சாக்கெட்டை ஒருபோதும் போடக்கூடாது, ஏனெனில் இந்த நட்டுகள் மெல்லியவை, பித்தளையாகவும் இருக்கலாம், ஒருமுறை முனை மழுங்கினால் பிறகு எதுவும் பிடிக்காது. இவற்றுடன் பலவகை ஸ்க்ரூடிரைவர்கள், மிகச் சிறிய ஆலன் கீக்கள், மூக்குக் குறடு, டார்ச், கைப்பிடியுள்ள சிறு கண்ணாடி, மல்டிமீட்டர், மாஸ்கிங் டேப், பேனா, மூடியுள்ள சிறு டப்பாக்கள் ஆகியவை போதும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். மல்லாந்து படுத்து டாஷ்போர்டின் அடிப்புறத்தைப் பார்க்கும்போது அரை நூற்றாண்டுத் துருவும் தூசியும் நேராக முகத்தில்தான் விழும். எலி குடியிருந்த தடயம் தெரிந்தால் முகக்கவசமும் அணிந்துகொள்வது நல்லது. மோதிரம், கைக்கடிகாரம், சங்கிலி மூன்றையும் கழற்றி வைத்துவிட வேண்டும்.

கருவியைத் தொடும் முன் கைபேசியில் படம் எடுங்கள். முகப்பை நேரெதிரில் ஒன்று, குமிழ்களைப் பக்கவாட்டில் ஒன்று, கீழிருந்து வயர்கள் போகும் வழியைப் பல கோணங்களில் என எடுத்துவைத்தால், ஆறு மாதம் கழித்து நினைவு கைவிடும்போது அவை கைகொடுக்கும். ரேடியோ வேலை செய்கிற நிலையில் இருந்தால், அதை ஒருமுறை ஓடவிட்டு எந்த ஸ்பீக்கர் பாடுகிறது, முகப்பு விளக்கு எரிகிறதா, சாவி எந்த நிலையில் இருக்கும்போது ரேடியோவுக்கு மின்சாரம் வருகிறது என்பவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது பேட்டரி. இங்கே பழைய கார்களுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. இன்றைய கார்களில் பேட்டரியின் எதிர்முனை காரின் உடலோடு இணைந்திருக்கும். ஆனால் 1960களின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் கார்கள் பலவற்றிலும், 1950களின் நடுப்பகுதிக்கு முந்திய சில அமெரிக்கக் கார்களிலும் நேர்முனைதான் உடலோடு இணைந்தது. எனவே ‘கறுப்பை முதலில் கழற்று’ என்ற பொது அறிவுரையை நம்பாமல், தடித்த வயர் எந்த முனையிலிருந்து காரின் உடலுக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்து, அந்த முனையையே முதலில் கழற்ற வேண்டும். அப்படிச் செய்தால், ஸ்பேனர் தவறி உடலில் பட்டாலும் பொறி பறக்காது. திரும்பப் பொருத்தும்போது அதே முனை கடைசியாக வர வேண்டும். உங்கள் காரில் எந்த முனை உடலோடு இணைந்திருக்கிறது என்பதை ஒரு சீட்டில் எழுதிப் பின்னர் ரேடியோவோடு கட்டிவைத்துவிடுங்கள். முனை மாற்றி இணைக்கப்பட்ட டிரான்சிஸ்டர் ரேடியோ நொடியில் செத்துவிடும்.

கடைசியாக, டாஷ்போர்டின் விளிம்பிலும் ஸ்டியரிங் தண்டின் மேலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, கியர் கம்பியைத் துணியால் சுற்றி, இருக்கையின் மேல் தடித்த போர்வை விரித்துக்கொள்ளுங்கள். சிரமம் பார்க்காமல் முன் இருக்கையையே கழற்றிவிட்டால் முதுகு நன்றி சொல்லும்.

குமிழ்கள்

நிதானம் தேவைப்படும் கட்டம் இதுதான். பழைய பிளாஸ்டிக்கும் பேக்கலைட்டும் வயதோடு உலர்ந்து நொறுங்கும் தன்மை பெற்றுவிடும் என்பதால், ஸ்க்ரூடிரைவரைக் குமிழுக்குப் பின்னால் கொடுத்து நெம்புவதைவிடத் தவறான காரியம் இந்த வேலையில் வேறில்லை. நெம்பினால் குமிழ் ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்டைப் பிடித்துக்கொள்ளும், அதன் கழுத்து விரிசல் விடும், கூடவே டாஷ்போர்டின் வண்ணமும் பெயரும்.

முதலில் குமிழைச் சுற்றித் திருப்பியபடி அதன் பக்கவாட்டில் சிறு துளை தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். துளை இருந்தால் உள்ளே ஒரு குட்டித் திருகு தண்டை அழுத்திக்கொண்டிருக்கிறது. அதற்கு ஆலன் கீயோ மிகச் சன்னமான ஸ்க்ரூடிரைவரோ தேவைப்படும். துளைக்குள் அழுக்கு அடைத்திருந்தால் முதலில் ஊசியால் சுரண்டி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கீ முழுதாக உட்காராமல் திருகின் தலையைத் தின்றுவிடும். அந்தத் திருகை முழுவதும் வெளியே எடுக்கத் தேவையில்லை. இரண்டு சுற்று தளர்த்தினாலே குமிழ் விடுபடும், திருகும் தொலையாது.

துளை எதுவும் இல்லையென்றால், குமிழுக்குள் இருக்கும் தட்டையான வில் தண்டின் வெட்டுப்பகுதியைக் கவ்விப் பிடித்திருக்கிறது என்று பொருள். இதை நேராக வெளிப்பக்கம் இழுத்தாலே வந்துவிடும். விரலுக்குப் பிடி கிடைக்காவிட்டால், பழைய பருத்தித் துணியைக் கிழித்து இரண்டு நாடாக்கள் செய்து, அவற்றைக் குமிழுக்குப் பின்னால் மேலொன்றும் கீழொன்றுமாகச் சொருகி, நான்கு முனைகளையும் ஒரே கையில் பிடித்துத் தண்டின் திசையிலேயே இழுக்க வேண்டும். விசை குமிழைச் சுற்றிச் சமமாகப் பரவுவதால் அது சாயாமல் வரும். அப்படியும் வராத குமிழை முடி உலர்த்தியால் மிதமாகச் சூடாக்கலாம். கை பொறுக்கும் சூட்டுக்கு மேல் போகக்கூடாது. பழைய பிளாஸ்டிக் உருகுவதற்கு முன்பே உருமாறிவிடும்.

பெரிய குமிழுக்குப் பின்னால் அநேகமாக இன்னொரு வளையம் இருக்கும். இடப்புறத்தில் அது குரலின் தடிமனையோ மென்மையையோ மாற்றும், வலப்புறத்தில் முன்பின் ஸ்பீக்கர்களுக்கிடையே ஒலியைப் பங்கிடும், அல்லது வெறும் அலங்காரமாக இருக்கும். இவை வெளித்தண்டைத் தழுவி நிற்கும், பெரும்பாலும் இழுத்தால் வரும். பக்கம் மாறினால் பொருந்தாது என்பதால், எடுத்த வரிசையிலேயே ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு டப்பாவில் போடுங்கள். எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த வழி, ஒரு கம்பியில் வெளியிலிருந்து உள்ளே வந்த வரிசைப்படி கோத்துவைப்பது.

நட்டுகளும் முகப்புத் தகடும்

குமிழ்கள் போனதும் தண்டுகளின் மேல் அறுகோண நட்டுகள் தெரியும். அவை அழுக்கேறி இறுகியிருந்தால், ஊடுருவும் எண்ணெயைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு மரையில் மட்டும் தடவி, கால் மணி நேரம் விடுங்கள். ஸ்ப்ரே டப்பாவை நேரடியாக அடிக்க வேண்டாம்; எண்ணெய் தண்டின் வழியே உள்ளே போய், வால்யூம் கட்டுப்பாட்டின் கார்பன் பாதையையும், முகப்புக் கண்ணாடியின் பின்பக்க எழுத்துகளையும் கெடுக்கும். அந்த எழுத்துகள் பல ரேடியோக்களில் வெறும் வண்ணப்பூச்சு, எண்ணெயும் கரைப்பானும் பட்டால் விரலோடு வந்துவிடும்.

சாக்கெட்டை நேராகச் செருகி, மறுகையால் கீழிருந்து ரேடியோவைத் தாங்கியபடி நட்டைத் தளர்த்துங்கள். இரண்டு நட்டுகளையும் உடனே முழுவதும் எடுத்துவிடக் கூடாது. தளர்த்திய நிலையில் சில மரைகளில் தொங்கவிட்டு வையுங்கள். பின்புற வயர்களும் தாங்கியும் கழன்ற பிறகுதான் அவற்றை எடுக்க வேண்டும், இல்லையென்றால் பல கிலோ எடையுள்ள வால்வு ரேடியோ திடீரென்று உங்கள் மார்பின் மேல் இறங்கும். நட்டுக்குக் கீழே வாஷர், இடைவளையம், முகப்புத் தகடு ஆகியவை எந்த வரிசையில் வருகின்றன என்பதையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். முகப்புத் தகட்டுக்குப் பின்னால் மெல்லிய அட்டையோ ரப்பரோ இருந்தால், டாஷ்போர்டோடு ஒட்டியிருக்கும் அதைக் கிழியாமல் பிரித்தெடுங்கள்.

எல்லாக் கார்களிலும் நட்டுகள் இப்படி வெளிப்படையாகத் தெரிவதில்லை. சில கார்களில், குறிப்பாக 1970களின் பிளாஸ்டிக் டாஷ்போர்டுகளில், ரேடியோவையும் ஹீட்டர் கட்டுப்பாட்டையும் மீட்டர்களையும் சேர்த்து மூடும் ஒரு பெரிய சட்டகம் இருக்கும். அதன் திருகுகள் மேல் விளிம்பின் நிழலிலும், ஆஷ்டிரேக்குப் பின்னாலும், சில நேரங்களில் அலங்காரப் பட்டைக்கு அடியிலும் ஒளிந்திருக்கும். கார் குளிரில் நின்றிருந்தால் இந்தச் சட்டகத்தில் கை வைப்பதற்கு முன் உள்ளறை வெதுவெதுப்பாகும் வரை காத்திருங்கள்; குளிர்ந்த பிளாஸ்டிக்கின் காதுகள் சொல்லாமல் உடையும்.

பின்பக்கம்

ரேடியோ வெளியேறும் வழி முன்பக்கமாகவா கீழாகவா என்பதை இப்போது தீர்மானிக்க வேண்டும். தண்டு நட்டுகள் டாஷ்போர்டுக்கு வெளியே இருந்து, முகப்புத் துளை ரேடியோவைவிடச் சிறியதாக இருந்தால், அது பின்னால் நகர்ந்து கீழ்வழியாகத்தான் வரும். அதற்கு இடம் செய்ய, ஆஷ்டிரே, குளவ் பாக்ஸின் அட்டைப் பெட்டி, காற்றுக் குழாய் ஆகியவற்றை எடுக்க நேரும். பழைய காற்றுக் குழாய் மடிந்த இடத்தில் கிழியும் என்பதால் அதன் இரு முனைகளையும் விடுவித்து முழுதாக எடுப்பதே நல்லது. எஞ்சின் பின்னால் இருக்கும் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் இந்த அவதி குறைவு. முன்பக்கச் சாமான் அறையைத் திறந்து, உள்ளே இருக்கும் அட்டை மறைப்பை விலக்கினால் டாஷ்போர்டின் முதுகு நேரே தெரியும், நின்றபடியே வேலை செய்யலாம். மற்றக் கார்களின் உரிமையாளர்கள் இதைப் பார்த்துப் பெருமூச்சு விடத்தான் முடியும்.

வயர்கள் வழக்கமாக நான்கு வகை. ஏரியல் கேபிள், மின்சாரம் தரும் வயர், முகப்பு விளக்கின் வயர், ஸ்பீக்கர் வயர்கள். தனியாக எர்த் வயர் இல்லாத ரேடியோக்கள் ஏராளம். அவற்றில் உலோகப் பெட்டியும் அதைத் தாங்கும் பட்டையுமே எர்த். ஆகவே அந்தப் பட்டையின் போல்ட்டைத் திரும்பப் பொருத்தும்போது துரு நீக்கிப் பளபளப்பாக்க மறந்தால், ரேடியோ கரகரக்கும் அல்லது பேசவே பேசாது.

ஏரியலின் முனை விரல் தடிமனுக்குச் சற்றுச் சிறிய உலோகச் செருகி. கேபிளைப் பிடித்து இழுக்காமல், செருகியின் உலோக உடலைப் பிடித்து இலேசாகத் திருகியபடி இழுங்கள். கேபிளின் நடுக்கம்பி முடியளவு மெல்லியது. அது உள்ளே அறுந்தால் வெளியே தெரியாது, பிறகு ரேடியோவின்மேல் பழிபோட்டு நாள்கணக்கில் தேட வேண்டியிருக்கும்.

மின்சார வயரில் பெரும்பாலும் சிறு உருளைக்குள் ஃப்யூஸ் அடங்கியிருக்கும். உருளையை அழுத்தித் திருப்பினால் இரண்டாகப் பிரியும். ஃப்யூஸின் அளவு அதன் உலோக மூடியில் பொறிக்கப்பட்டிருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். விளக்கின் வயர் மீட்டர் விளக்குகளின் கிளையாக வரும். ஸ்பீக்கர் வயர்கள் இரண்டாகவோ, பின்னாலும் ஸ்பீக்கர் இருந்தால் அதற்கு மேலாகவோ இருக்கும். 1930, 40களின் ரேடியோவில் ஒரே ஸ்பீக்கருக்கு மூன்று நான்கு வயர்கள் போவதைக் கண்டால் வியப்படைய வேண்டாம். நிலைக்காந்தத்துக்குப் பதிலாக மின்காந்தச் சுருள் வைத்த ஸ்பீக்கர் அது, சுருளுக்கும் ரேடியோவே மின்சாரம் தருகிறது.

ஒவ்வொரு வயரிலும், அது கழன்ற இடத்திலும் ஒரே எண்ணை மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டுங்கள். நிறத்தை மட்டும் நம்புவது பழைய கார்களில் பலிக்காது. ஐம்பது ஆண்டு வெயிலில் பச்சையும் நீலமும் பழுப்பும் ஒன்றாகிவிட்டிருக்கும். முந்தைய உரிமையாளர் ஒருவர் கையில் கிடைத்த வயரை ஒட்டுப்போட்டிருக்கவும் கூடும். இணைப்பிகள் இறுகியிருந்தால் வெட்டிவிடும் ஆசை வரும். வெட்டாதீர்கள். பிளாஸ்டிக் இணைப்பியின் பக்கத்தில் இருக்கும் சிறு நாக்கை மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் அழுத்தியபடி இழுத்தால் பிரியும். யாரோ ஏற்கெனவே பற்றவைத்து இணைத்திருந்து வெட்டியே தீர வேண்டுமென்றால், இரு பக்கமும் ஒரு கையளவு வயர் மிஞ்சும் இடத்தில் வெட்டுங்கள்.

வயர்கள் விடுபட்ட பிறகு தாங்கி. ரேடியோவின் பின்புறத்திலிருந்தோ பக்கத்திலிருந்தோ டாஷ்போர்டின் அடிவிளிம்புக்கோ தடுப்புத் தகட்டுக்கோ ஒரு தகரப் பட்டை போகும். நான் முதன்முறை காணத் தவறியது இதைத்தான். சிறு கண்ணாடியைப் பின்னால் பிடித்து, டார்ச் வெளிச்சத்தில் ரேடியோவின் நான்கு பக்கமும் ஒருமுறை வலம் வந்துவிடுங்கள். பட்டையை ரேடியோ முனையில் கழற்றுவதா உடல் முனையில் கழற்றுவதா என்பது உங்கள் கைக்கு எது எட்டுகிறதோ அதைப் பொறுத்தது. சில கார்களில் ஸ்பீக்கரே ரேடியோவின் உடலோடு திருகப்பட்டிருக்கும். அப்போது ஸ்பீக்கரின் காகிதக் கூம்பில் விரலோ கருவியோ படாமல் இரண்டையும் சேர்த்தே இறக்க வேண்டும்.

வெளியே எடுத்தல்

இனி ஒரு கையால் ரேடியோவைத் தாங்கி, தொங்கவிட்டிருந்த நட்டுகளை முழுவதும் கழற்றி, முகப்புத் தகட்டை எடுத்துவிட்டு, ரேடியோவை நேராகப் பின்னுக்குத் தள்ளுங்கள். தண்டுகள் துளையிலிருந்து முற்றிலும் விலகிய பிறகே அதைச் சாய்க்க வேண்டும். பாதியில் சாய்த்தால் எடை முழுவதும் தண்டுகளின் மேல் விழும். பிறகு முன்பக்கம் கீழ்நோக்கி வரும்படி திருப்பி இறக்குங்கள். வைப்பர் கம்பியும் ஹீட்டர் கம்பிகளும் குறுக்கே வரும் கார்களில், ரேடியோ எந்தக் கோணத்தில் திரும்பினால் இறங்குகிறது என்று கண்டுபிடிப்பது ஒரு புதிர்தான். உதவிக்கு இன்னொருவர் இருந்தால் அவரை மேலிருந்து தாங்கச் சொல்லிவிட்டு நீங்கள் கீழிருந்து வழிகாட்டலாம்.

டின் அளவு ரேடியோவின் வேலை இதில் கால் பங்கு. முகப்பின் இரு ஓரங்களிலும் இரண்டிரண்டு சிறு துளைகள் இருக்கும், சிலவற்றில் ஒரு பிளாஸ்டிக் மூடி அவற்றை மறைக்கும். ‘ப’ வடிவக் கம்பிச் சாவிகளை இரு பக்கமும் ‘டிக்’ என்று கேட்கும் வரை செருகி, இலேசாக வெளிப்புறமாக விரித்துப் பிடித்தபடி இழுத்தால் ரேடியோ முன்பக்கமாகவே வரும். சாவியை ஒரு பக்கம் மட்டும் செருகி இழுப்பவர்கள் ரேடியோவை அதன் உலோகக் கூட்டுக்குள் கோணலாகச் சிக்கவைத்துவிடுகிறார்கள்.

வெளியே வந்த பிறகு

காரில் விட்ட வயர்களை முதலில் கவனியுங்கள். மின்சார வயரின் ஃப்யூஸை எடுத்து, முனையை இன்சுலேஷன் டேப்பால் சுற்றி, மற்ற வயர்களிலிருந்து விலக்கிக் கட்டிவையுங்கள். ஸ்பீக்கர் வயர்களின் முனைகளைத் தனித்தனியாக மூடுங்கள். அதன் பிறகே பேட்டரியை இணைத்து, மீட்டர் விளக்குகளும் ஹாரனும் வைப்பரும் முன்போல் வேலை செய்கின்றனவா என்று சோதித்துவிடுங்கள். ரேடியோவை எடுக்கும் அவசரத்தில் பக்கத்து வயர் ஒன்றைத் தட்டிவிடுவது சாதாரணமாக நடக்கும்.

எடுத்த நட்டு, வாஷர், இடைவளையம் எல்லாவற்றையும் அவற்றின் தண்டுகளிலேயே விரலால் திருகி மாட்டிவிடுங்கள். நட்டுகளை விடப் பாதுகாப்பான டப்பா அந்தத் தண்டுகளே. ரேடியோவைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டினால் உள்ளே ஈரம் வியர்த்துத் துருவாகும். காகிதத்தில் சுற்றி அட்டைப் பெட்டியில், உலர்ந்த இடத்தில் வைப்பதே சரி. வால்வு ரேடியோவைத் திறந்து பார்க்கும் ஆவலை அடக்க முடியாவிட்டால், எந்த வால்வு எந்தக் குழியில் இருந்தது என்பதை வரைந்துகொள்ளாமல் ஒன்றையும் உருவாதீர்கள்.

பல ஆண்டுகளாக ஓடாத ரேடியோவை, மேசைமேல் வைத்து உடனே பேட்டரியோடு இணைத்துப் பார்ப்பது பெரும் தவறு. உள்ளே இருக்கும் காகிதக் கண்டென்சர்களும் எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்களும் காலப்போக்கில் மின்சாரத்தைக் கசியவிடத் தொடங்கியிருக்கும். அவற்றை மாற்றாமல் மின்சாரம் கொடுத்தால், ஒரு சிறு கண்டென்சரின் பழுது டிரான்ஸ்பார்மரையே எரித்துவிடலாம்; டிரான்ஸ்பார்மருக்கு மாற்றுக் கிடைப்பதோ குதிரைக்கொம்பு. அதேபோல், ஸ்பீக்கர் இணைக்காமல் பழைய ரேடியோவை ஓடவிடக்கூடாது. சுமை இல்லாத நிலையில் டிரான்சிஸ்டர் ரேடியோவின் வெளியீட்டு டிரான்சிஸ்டரும், வால்வு ரேடியோவின் வெளியீட்டு டிரான்ஸ்பார்மரும் கெட்டுப்போகக்கூடும். ஸ்பீக்கரும் கையில் கிடைத்ததாக இருக்கக்கூடாது. 1960களின் ஜெனரல் மோட்டார்ஸ் ரேடியோக்கள் பல 10 ஓம் ஸ்பீக்கரை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. இன்றைய 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் வெளியீட்டு டிரான்சிஸ்டர் அளவுக்கு மீறிச் சூடாகும்.

புதிய ரேடியோவுக்காகத்தான் பழையதை எடுத்தீர்கள் என்றால் என் கருத்து ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு தண்டுத் துளைகளையும் இணைத்துச் செவ்வகமாக வெட்டிவிட்டால், அந்த உலோக டாஷ்போர்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவரப் பற்றவைத்து, தேய்த்து, முழுதாக வண்ணம் பூச வேண்டியிருக்கும். இரு தண்டு அமைப்பிலேயே புதிய ரேடியோக்கள் விற்பனைக்கு உள்ளன. பழைய ரேடியோவின் முகப்பையும் குமிழ்களையும் அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே புதிய மின்சுற்றைப் பொருத்தித் தருபவர்களும் இருக்கிறார்கள். குளவ் பாக்ஸுக்குள் சிறு கருவியொன்றை மறைத்துவைத்துக்கொண்டு, அசல் ரேடியோவை ஊமையாகவே அதன் இடத்தில் விட்டுவைப்பவர்களும் உண்டு, அதிலும் பிழையில்லை.

அசல் ரேடியோவையே திரும்பப் பொருத்துகிறீர்கள் என்றால், எடுத்த வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றுங்கள். ஆனால் குமிழ்களைச் செருகும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நடுத்தர அலை ரேடியோக்களில் ஏரியலுக்கு ஏற்ப ரேடியோவைச் சரிசெய்யும் சிறு திருகு ஒன்று இருக்கும். அது ஏரியல் செருகியின் அருகிலோ, நிலையம் மாற்றும் குமிழுக்குப் பின்னாலோ காணப்படும். ஏரியலை முழு உயரத்துக்கு இழுத்துவிட்டு, 1400 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் மங்கலாகக் கேட்கும் நிலையம் ஒன்றைப் பிடித்து, ஒலி உச்சத்துக்கு வரும் வரை அந்தத் திருகை மெல்ல அப்படியும் இப்படியுமாகத் திருப்புங்கள். உச்சம் கிடைத்த பிறகு வளையத்தையும் அதன் மேல் குமிழையும் மாட்டிக்கொள்ளலாம்.